பத்தாயிரம் ரூபாய்க்கும் பத்து லட்சம் டாலருக்கும் நடுவில்

ஆழிப்பேரலை ஓய்ந்த சில மாதங்களில், 2005-ஆம் ஆண்டில், இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் ஒரு குலுக்கல் நடந்தது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டஃபர் வுட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள் 408 குறுந்தொழில்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பம், இடியப்பம் செய்து விற்பவர்கள், தையல்காரர்கள், மூங்கில் வேலை செய்பவர்கள், தெருமுனைக் கடைக்காரர்கள். சீட்டு விழுந்தவர்களுக்கு 10,000 ரூபாயோ 20,000 ரூபாயோ பணமாக அல்லது சரக்காக, கருவியாகக் கொடுக்கப்பட்டது. திருப்பித் தர வேண்டியதில்லை. அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வரவு செலவு கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 2008-இல் வெளியான முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. கூடுதலாகக் கிடைத்த முதல், மாதத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் ஈட்டியிருந்தது. ஆண்டுக் கணக்கில் 60 சதவீதம். அன்றைய வங்கி வட்டியைவிட அது வெகுதூரம் மேலே.

அப்படியானால் காலியில் இடியப்பக்காரர் வீட்டு வாசலில் வங்கிக்காரர்கள் ஏன் வரிசையில் நிற்கவில்லை? வளரும் நாடுகளின் சிறுதொழில்களில் சமூகப் பயனுக்காகப் பணம் போடுவது பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. என் பதில் சுருக்கமானது. பத்தாயிரம் ரூபாய்க்கு மாதம் 500 ரூபாய் லாபம் என்றால், ஆளை விசாரிக்கவும் பத்திரம் எழுதவும் பஸ் ஏறிப் போய்க் கணக்குப் பார்க்கவும் ஆகும் செலவிலேயே அந்த 500 கரைந்துவிடும். பணத்துக்கும் பஞ்சமில்லை, நல்ல தொழிலுக்கும் பஞ்சமில்லை. தொழிலை அறிந்துகொள்ளும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் எல்லாம் சிக்கிக் கிடக்கிறது. கடந்த இருபது ஆண்டு வரலாற்றை, அந்தச் செலவை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாற்றிப் பார்த்த வரலாறாகவும் படிக்கலாம்.

மிகச் சிறிய தொகைக்கு நுண்கடன் ஒரு வழி கண்டது. விசாரிக்கும் வேலையைக் கடன் வாங்குகிறவர்களிடமே கொடுத்துவிட்டது. ஐந்து பத்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன். அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாத ரகசியம் ஏது? கிராமீன் வங்கிக்கும் முகம்மது யூனுஸுக்கும் 2006-இல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். அதன் பிற்பகுதிக் கதையும் தெரிந்ததே. 2007-இல் மெக்சிகோவின் நுண்கடன் நிறுவனமான கம்பார்த்தாமோஸ் பங்குச் சந்தைக்குப் போனது. 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் நுண்கடன் நிறுவனமான எஸ்.கே.எஸ். தன் பங்கை 985 ரூபாய்க்கு விற்றது. அந்த அக்டோபரிலேயே, கடன் வசூல் கெடுபிடியும் தற்கொலைச் செய்திகளும் பெருகிய நிலையில், ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பங்கு 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. லாபத்தையும் சமூகப் பயனையும் ஒரே வண்டியில் பூட்டலாம் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. அதைவிட அமைதியான அடி, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் ஹைதராபாத்தில் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு. நுண்கடன் கிடைத்த பகுதிகளில் குடும்பங்களின் வறுமையைப் புரட்டிப்போடும் மாற்றம் எதுவும் அதில் தென்படவில்லை. குழுக்கடன் ஒரு தையல் மெஷின் வாங்கித் தரும். பத்துப் பேர் வேலை செய்யும் தையல் கூடமாக அதை வளர்க்காது.

அந்தப் பத்துப் பேர் கூடத்துக்குத் தேவைப்படும் தொகையே தலைப்பில் சொன்ன நடு இடம். நுண்கடன் சங்கத்துக்கு அது பெரிது. வங்கிக்கு அது சிறிது. ஈடு கொடுக்க நிலப்பத்திரம் இல்லை, மூன்று வருடத் தணிக்கைக் கணக்கும் இல்லை. சிறு, வளரும் தொழில் என்று இந்தத் துறையினர் வழக்கமாக எடுத்துக்கொள்வது 5 முதல் 250 பேர் வரை வேலை செய்யும், 20,000 டாலரிலிருந்து 20 லட்சம் டாலர் வரை முதல் தேவைப்படும் நிறுவனத்தை. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2017-இல் போட்ட கணக்குப்படி, வளரும் நாடுகளில் முறையாகப் பதிவான குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களில் 6.5 கோடிக்குப் போதிய கடன் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 5.2 லட்சம் கோடி டாலர் இடைவெளி. பதிவே செய்யாமல் நடப்பவை இந்தக் கணக்கில் சேராதவை.

இடைவெளியை நிரப்பப் புறப்பட்டவர்களுக்கு இம்பாக்ட் முதலீட்டாளர்கள் என்ற பெயர் 2007-இல், இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய ஒரு கூட்டத்தில் வைக்கப்பட்டது. வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2001-இல் நியூயார்க்கில் ஜாக்குலின் நோவோகிராட்ஸ் அக்யுமென் நிதியத்தை ஆரம்பித்தார். அதே ஆண்டு இந்தியாவில் வினீத் ராய் ஆவிஷ்காரைத் தொடங்கினார். சென்னையில் பால் பேசில் பின்னாளில் வில்க்ரோ ஆன அமைப்பை நிறுவினார். அந்தத் தொடக்க காலத்தில் ஆவிஷ்கார் பணம் போட்டவற்றில் ஒன்று, மண்ணெண்ணெய் அடுப்புக்குச் சிக்கனமான பர்னர் செய்த சென்னை நிறுவனமான சர்வல்ஸ். நல்ல பொருள், ஏழை வீட்டில் நேரடியாகக் காசு மிச்சம். ஆனால் சில ஆண்டுகளிலேயே தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. மண்ணெண்ணெய் அடுப்பின் சந்தை சுருங்கும் திசையில் காலம் திரும்பிவிட்டது. ஏழைகளுக்கான பொருளில் முதல் போடுகிறவர் அரசின் அடுத்த தேர்தல் அறிக்கையையும் படித்தாக வேண்டும். முதலீட்டு ஏட்டில் இந்த அபாயத்துக்கென்று ஒரு பத்தி ஒதுக்கப்படுவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அக்யுமென் எப்போதும் எடுத்துச் சொல்லும் வெற்றி தான்சானியாவின் அருஷாவில் இருக்கிறது. ஏ டு இசட் என்ற துணி ஆலைக்கு 3,25,000 டாலர் கடன் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கொசுமருந்து நீங்காத வலை செய்யும் தொழில்நுட்பத்தை ஜப்பானின் சுமிடோமோ கெமிக்கல் கொடுத்தது. ஆலை பின்னர் ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் வலை நெய்தது. வேலைக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் பெண்கள். இந்தக் கதையில் பேசப்படாமல் போகும் பகுதி வலையை வாங்கியவர்கள் யார் என்பது. மலேரியா ஒழிப்புக்கான சர்வதேச நிதியங்களும் ஐ.நா. அமைப்புகளும் மொத்தமாக வாங்கி இலவசமாகக் கொடுத்தன. சரக்குக்கு வாங்குபவர் நிச்சயம் என்றால் பாதி அபாயம் அப்போதே தீர்ந்தது. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையுமா?

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நைரோபியில் ஒருவர் 2 கோடி டாலரில் ஒரு நிதியம் தொடங்குகிறார். வழக்கமான நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 2 சதவீதம், அதாவது 4 லட்சம் டாலர். சம்பளம், அலுவலகம், தணிக்கை, வக்கீல், பயணம் எல்லாம் அதற்குள். தலைக்கு 1 லட்சம் டாலர் வீதம் கொடுத்தால் 200 நிறுவனங்கள். ஓர் அலுவலர் பத்து நிறுவனங்களைத்தான் உருப்படியாகக் கவனிக்க முடியும் என்றால் இருபது அலுவலர்கள் வேண்டும். கட்டணம் முழுவதையும் சம்பளமாகப் பங்கு போட்டாலும் ஆளுக்கு 20,000 டாலர். வக்கீலுக்கும் வாடகைக்கும் மிஞ்சாது. ஒப்பந்தச் செலவு 15,000 டாலர் என்று வைத்தால், 1 லட்சத்தில் அது 15 சதவீதம், 10 லட்சத்தில் ஒன்றரை. நிதிய மேலாளர் நல்லவரா பேராசைக்காரரா என்ற கேள்வியே எழுவதில்லை. கால்குலேட்டர் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பத்து லட்சம் டாலர் நிறுவனத்தின் வாசலில் நிறுத்திவிடும். சிறுதொழிலுக்கென்று தொடங்கிய நிதியங்கள், அடுத்தடுத்த நிதியம் திரட்டும்போது தொகையைக் கூட்டிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான்.

கணக்கின் மறுபாதி, பணம் வெளியே வரும் வழி. நிதியத்தின் ஆயுள் வழக்கமாகப் பத்து ஆண்டு. முதல் ஐந்து ஆண்டு போடுவது, அடுத்த ஐந்து ஆண்டு எடுப்பது. பங்கை எடுக்க வேண்டுமானால் வாங்க ஒருவர் வேண்டும். நைரோபிப் பங்குச் சந்தை 2013-இல் வளரும் நிறுவனங்களுக்கென்று தனிப் பிரிவு திறந்தது. அதில் வந்து பட்டியலானவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆண்டுக்கு 12 சதவீதம் வளரும் மாவு ஆலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலும் அதை நல்ல தொழில் என்றே சொல்வார்கள். ஆறு ஆண்டில் மதிப்பு இரண்டு மடங்காகும். ஆனால் ஷில்லிங்கில். 2018 வாக்கில் ஒரு டாலருக்கு நூறை ஒட்டி இருந்த கென்ய ஷில்லிங், 2024 ஜனவரியில் 160-ஐத் தொட்டது. இரண்டு மடங்கான மாவு ஆலை டாலரில் ஒன்றேகால் மடங்குதான். அதே ஆண்டில் ஷில்லிங் 130-க்குத் திரும்பியது உண்மை. ஆனால் ஜனவரியில் நிதியம் மூட வேண்டியிருந்தவருக்கு அதனால் என்ன பயன்? போட்ட பத்தில் மூன்று நான்கு மூழ்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஆலை நன்றாக ஓடியும் நிதியம் நஷ்டத்தில் முடியும்.

எனவே நிதியங்கள் 12 சதவீத ஆலையைத் தேடுவதில்லை, பத்து மடங்காகக்கூடியதைத் தேடுகின்றன. 2018-இல் சில ஆய்வாளர்கள் இந்த நடு இடத்துத் தொழில்களை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். வேகமாகப் பெருகுபவை, குறுகிய சந்தையில் புதுமை செய்பவை, நிதானமாக வளரும் வழக்கமான தொழில்கள், குடும்பத்தை ஓட்டும் தொழில்கள். எண்ணிக்கையில் முதல் வகை மிகக் கொஞ்சம். நாட்டில் வேலை கொடுப்பவை பெரும்பாலும் பின்னிரண்டு வகை. முதலீட்டு மாநாடுகளின் மேடையோ முதல் வகைக்கே.

லாபமும் பயனும் சேர்ந்தே வரும் என்று வாதிடுபவர்களிடம் ஒரு வலுவான சான்று இருக்கிறது, அதை ஒதுக்குவது நியாயமில்லை. ஷான் கோல் முதலானோர் 2020-இல் சர்வதேச நிதிக் கழகத்தின் அறுபது ஆண்டுப் பங்கு முதலீடுகளை ஆராய்ந்தார்கள். அதே பணத்தை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குகளில் போட்டிருந்தால் வந்திருப்பதைவிட அவை 15 சதவீதம் அதிகம் ஈட்டியிருந்தன. ஆனால் அந்தக் கழகம் பணம் போட்டது பெரும்பாலும் வங்கிகளிலும் சிமென்ட் ஆலைகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும். அது பெரிய தொழிலுக்கான சான்று. மாவு ஆலைக்கான சான்றாக அதைக் காட்டுகிறவர்கள் இரண்டு வெவ்வேறு துறைகளைக் குழப்புகிறார்கள். உலக இம்பாக்ட் முதலீட்டு வலையமைப்பு 2024-இல் இத்துறையின் மொத்தச் சொத்தை 1.57 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டபோதும் இதே குழப்பம் நேர்ந்தது. அந்தப் பெருந்தொகைக்குள் ஐரோப்பியக் காற்றாலைகளும் அமெரிக்க வீட்டுவசதியும் அடக்கம். தொடக்க நிலையில் இருக்கும் சிறுதொழிலின் பங்கு அதில் ஒரு துளி.

கென்யாவின் சூரிய விளக்கு வணிகத்தில் இந்த இழுபறி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மின்கம்பி எட்டாத வீடுகளுக்கு ஒரு சிறு தகடு, இரண்டு மூன்று விளக்கு, செல்போன் சார்ஜர். முழு விலையை ஒரே தடவையில் யாரும் கொடுக்க முடியாது. எம்-கோபா நிறுவனம் 2012-இல் கண்ட வழி: கொஞ்சம் முன்பணம், பிறகு நாளுக்கு நாற்பது ஐம்பது ஷில்லிங் வீதம் ஓராண்டுத் தவணை. பணம் செல்போனில் எம்-பேசா வழியாக வரும். வராவிட்டால் தொலைவிலிருந்தே பெட்டி அணைக்கப்படும். கடன்காரர் வீட்டுக்கு ஆள் போக வேண்டாம், பத்திரம் வேண்டாம், ஈடு வேண்டாம். நான் சொன்ன அறிந்துகொள்ளும் செலவை ஒரு சிம் கார்டு ஏறக்குறைய பூஜ்யமாக்கியது. மண்ணெண்ணெய்க்குச் செலவழித்த காசே தவணைக்குப் போதும் என்பதால் கணக்கும் பொருந்தியது. இந்த வணிகத்துக்கு அடித்தளமான எம்-பேசா எப்படி வந்தது? 2007-இல் சஃபாரிகாம் அதைத் தொடங்குவதற்கு முன்பு, சோதனைக்காகப் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சித் துறை ஏறக்குறைய 10 லட்சம் பவுண்டு மானியம் கொடுத்தது. வோடஃபோன் தன் பங்குக்கும் போட்டது. முதல் அபாயத்தில் பாதியை வரிப்பணம்தான் சுமந்தது.

வெற்றியைப் பார்த்துப் பணம் கொட்டியது, கொட்டியது டாலரில். தவணையில் பொருள் கொடுப்பவர் உண்மையில் கடன் கொடுப்பவர். ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் அவருக்குப் புதுக்கடன் வேண்டும். டாலரில் வாங்கி ஷில்லிங்கில் வசூலிப்பது நாணயம் சரியாத வரை சுகம். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரிதாகப் பரவிய ஜெர்மானிய நிறுவனமான மொபிசோல் 2019-இல் திவால் மனு கொடுத்தது. பிரான்சின் என்ஜி அதை எடுத்துக்கொண்டது. எம்-கோபா தப்பிப் பிழைத்து வளர்ந்தது, 2023-இல் 30 லட்சம் வாடிக்கையாளர்களைத் தாண்டியது. ஆனால் இன்று அதன் வியாபாரத்தில் பெரும்பகுதி ஸ்மார்ட்போன். குறை சொல்ல எனக்கு மனமில்லை, தினக்கூலிக்காரருக்கும் போன் வேண்டும்தான். ஆனால் விளக்குக்காகத் திரட்டிய சமூக நோக்கு முதல், எந்தப் புள்ளியில் வெறும் தவணைக்கடை முதலாக மாறுகிறது என்று யாராவது கேட்டாக வேண்டும்.

பணம் யாரிடம் போனது என்பதும் சங்கடமான கேள்வி. வில்லேஜ் கேபிடல் அமைப்பு 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015, 2016 ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்காவின் நிதித் தொழில்நுட்பப் புதுநிறுவனங்களில் விழுந்த முதலீட்டில் 90 சதவீதம் ஐரோப்பிய, வட அமெரிக்க நிறுவனர்கள் இருந்த நிறுவனங்களுக்கே போயிற்று. இதை வெறும் நிறவெறி என்று முடித்துக்கொள்ளலாம். அது இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கேயும் அதே செலவுதான் வேறு வேடத்தில் நிற்கிறது. ஸ்டான்ஃபோர்டில் படித்தவரைப் பற்றி ஸ்டான்ஃபோர்டில் படித்த முதலீட்டாளர் இரண்டு போன் பேசி விசாரித்துவிடலாம். கிசுமுவில் மீன் பதனிடும் ஆலை நடத்துபவரை விசாரிக்கக் கிசுமுவுக்குப் போக வேண்டும்.

திருப்பூரைப் பற்றிப் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-இல் எழுதிய ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது, வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லாத ஊரில். பின்னலாடைத் தொழிலில் இருந்த உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தாரும், வெளியிலிருந்து வந்து தொழில் தொடங்கியவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். கவுண்டர்களின் நிறுவனங்களில் முதல் அதிகம், விவசாயத்திலிருந்து வந்த சொந்தபந்தப் பணம். வெளியாட்கள் கொஞ்ச முதலோடு தொடங்கினார்கள், வேகமாக வளர்ந்தார்கள், சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்தினார்கள். ஆனாலும் முதல் அவர்கள் பக்கம் பாயவில்லை. பணம் அதிக லாபம் உள்ள இடத்தை நோக்கிப் போகவில்லை. தெரிந்த இடத்தை நோக்கிப் போயிற்று. நைரோபியில் ஸ்டான்ஃபோர்டு செய்யும் வேலையைத் திருப்பூரில் சொந்தம் செய்தது.

சரி, போய் விசாரித்தால் நல்ல தொழிலைக் கண்டுபிடித்துவிட முடியுமா? நைஜீரிய அரசு 2011-இல் யூவின் என்ற தொழில் திட்டப் போட்டி நடத்தியது. ஏறக்குறைய 24,000 பேர் விண்ணப்பித்தார்கள், 1,200 பேர் வென்றார்கள், சராசரியாக ஆளுக்கு 50,000 டாலர் மானியம். வெற்றியாளர்களில் ஒரு பகுதியினர் குலுக்கலில் தேர்ந்ததால், இலங்கை ஆய்வில் பார்த்த மெக்கென்சியால் சரியாக ஒப்பிட முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து, பணம் கிடைத்தவர்களிடம் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் இருக்கும் வாய்ப்பு 20 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. அரசு கொடுத்த பணம் வீண் என்ற பொதுப்புத்திக்கு இது நல்ல மறுப்பு. ஆனால் அடுத்த ஆய்வில் அவரும் டாரியோ சன்சோனேயும் கண்டது இன்னும் சுவையானது. போட்டியாளர்களுக்கு நடுவர்கள் போட்ட மதிப்பெண், யார் பின்னால் தழைப்பார் என்பதைச் சொல்லவில்லை. கணினிக் கற்றல் முறையும் பெரிதாக மிஞ்சவில்லை. ஆகவே ஒப்பந்தத்துக்கு முன் ஆறு மாதம் துருவித் துருவி நடக்கும் விசாரணை, மோசடிக்காரரை வடிகட்டும். கெட்டிக்காரரைக் காட்டித் தராது. அதைச் சுருக்கி, சிறு தொகையாகப் பலருக்குக் கொடுத்து, ஓடுகிறவருக்கு மறுபடி கொடுப்பது மலிவு. பெரும்பாலான நிதியங்கள் இன்னும் தலைகீழாகச் செய்கின்றன.

பெண்களின் விஷயத்தில் இலங்கை ஆய்வுக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. ஆண்கள் நடத்திய தொழில்களில் அந்த மானியம் பெருகியது. பெண்கள் நடத்தியவற்றில் அதன் மீதான சராசரி வருமானம் ஏறக்குறைய பூஜ்யம். பெண்களுக்குத் தொழில் வராது என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 2019-இல் ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் முதலானோர் இலங்கை உட்பட மூன்று நாட்டுத் தரவுகளைத் திரும்பப் புரட்டி ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா? பெண் மட்டுமே தொழில் செய்யும் வீடுகளில் வருமானம் ஆண்களுடையதற்குச் சமமாக இருந்தது. கணவனும் கடை வைத்திருந்த வீடுகளில், அவள் பெயரில் வந்த பணம் அவன் கடைக்குப் போயிருந்தது. நம் ஊர் மகளிர் குழுக்களைப் பார்த்த எவருக்கும் இது புதிய சேதியாக இருக்காது. ஆனால் நிதியங்களின் ஆண்டறிக்கையில் வரும் பெண் தொழில்முனைவோர் எண்ணிக்கையைப் படிக்கும்போது இது நினைவிருக்க வேண்டும்.

பயனை அளக்கும் விவகாரத்தில் நான் அதிகம் நிற்கப் போவதில்லை. இத்தனை லட்சம் உயிர்களைத் தொட்டோம் என்ற வகை எண்கள் விற்பனையின் மறுபெயர். அக்யுமெனிலிருந்து 2019-இல் பிரிந்த சிக்ஸ்டி டெசிபெல்ஸ் செய்வதுபோல் வாடிக்கையாளரையே போனில் கூப்பிட்டுக் கேட்பது அதைவிட நேர்மையானது. உண்மையான சோதனையை பால் பிரெஸ்டும் கெல்லி பார்னும் 2013-இல் சொல்லிவிட்டார்கள்: இந்த முதல் வராமல் இருந்திருந்தால் நடந்திருக்காதது எது? வேறு யாராவது போடத் தயாராக இருந்த இடத்தில் போட்ட பணத்துக்குச் சமூகப் பயன் என்ற அடைமொழி எதற்கு?

யாரும் போடத் தயாராக இல்லாத இடம் என்றால் பீகாரின் மேற்குச் சம்பாரண். 2007-இல் அங்கே உமியை எரித்து வாயுவாக்கி ஒரு கிராமத்துக்கு மின்சாரம் கொடுத்தது ஹஸ்க் பவர். முன்மாதிரி இல்லை, கிராமத்தார் மின்சாரத்துக்குப் பணம் கட்டிப் பழகவில்லை, யந்திரத்தில் தார் அடைத்துக்கொண்டது. வணிக முதல் அங்கே முதலில் வந்திருக்க முடியாது. ஷெல் அறக்கட்டளை பல தவணைகளில் 20 லட்சம் டாலருக்கு மேல் மானியம் கொடுத்து, தவறு செய்து திருத்திக்கொள்ள இடம் கொடுத்தது. முதலீட்டாளர்கள் பிறகு வந்தார்கள். மானிட்டர் குழுமம் அக்யுமெனோடு சேர்ந்து 2012-இல் வெளியிட்ட அறிக்கை இந்தப் படிப்பினையைத்தான் முன்வைத்தது: முன்னோடிகள் விழும் பள்ளத்தை மானியத்தால்தான் கடக்க முடியும். ஹஸ்க் பின்னாளில் உமியோடு சூரிய ஒளியையும் சேர்த்து நைஜீரியா வரை போனது.

மானியம் என்ற சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கும் முதலீட்டாளர்கள் இப்போதும் உண்டு. எனக்கு இது விளங்குவதில்லை. சிறு தொகையின் செலவு எப்படியும் யார் தலையிலோ விழுகிறது. அதை ஒளிக்கும்போது தொகை பெரிதாகிறது. வெளிப்படையாக வைக்கும்போது என்னவாகும் என்பதற்கு ஆசேலி ஆப்பிரிக்கா உதாரணம். காபி, கோக்கோ சங்கங்களுக்குக் கடன் கொடுத்த அமைப்புகள் தங்கள் ஏடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, 5 லட்சம் டாலருக்குக் கீழான கடன்கள் பெரும்பாலும் நஷ்டம் என்று தெரிந்தது. ரூட் கேபிடல் போன்றவை 1999 முதல் கொள்முதல் ஒப்பந்தத்தையே ஈடாக வைத்து, வாங்குபவரிடமிருந்து நேரே கடனை வசூலித்துத் திறமையாக நடத்தியும் இந்த நிலை. எனவே 2020-இல் கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டாவில் ஆசேலி தொடங்கியது. உள்ளூர் வங்கி விவசாயத் தொழிலுக்கு 25,000 டாலரிலிருந்து 15 லட்சம் டாலர் வரை கடன் கொடுத்தால், அந்தக் கடனைக் கொடுக்க ஆகும் செலவில் ஒரு பங்கு அதற்கு ரொக்கமாகக் கிடைக்கும்; முதல் இழப்பைத் தாங்க ஒரு சிறு இருப்பும் சேரும். ஆசேலி தானே கடன் கொடுப்பதில்லை. ஊரில் கிளையும் ஆளும் வைத்திருக்கும் வங்கியைக் கொஞ்சம் தூர நகர்த்துகிறது, அவ்வளவுதான். நான் பார்த்தவற்றில் மிகத் தெளிவான ஏற்பாடு இது.

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. உலக வங்கிக் கடனில் 2017-இல் ஒப்புதல் பெற்ற வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் இணை மானியத்தில், தொழில் கடனில் 70 சதவீதத்தைத் தவணை தவறாமல் கட்டினால் மீதி 30 சதவீதம் மானியமாகக் கழியும். அதன் மதி சிறகுகள் தொழில் மையங்கள் திட்ட அறிக்கை எழுதித் தருகின்றன. பார்க்கப்போனால் வங்கி மேலாளர் செய்ய வேண்டிய விசாரணையின் பாதி அந்த மையத்தின் மேசையிலேயே முடிகிறது.

பங்கு வாங்கி விற்கும் வழியே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஆன்டன் ரூபர்ட் முயற்சியில் 1981-இல் தோன்றி, இன்று பிசினஸ் பார்ட்னர்ஸ் என்ற பெயரில் நடக்கும் நிறுவனம், கடனோடு விற்பனையில் ஒரு சிறு விகிதத்தையும் வாங்கிக்கொள்கிறது. வாங்குபவரைத் தேட வேண்டாம், பத்து ஆண்டில் கடையைக் கட்ட வேண்டாம். 12 சதவீத மாவு ஆலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அது நாற்பது ஆண்டு தாண்டி நிற்பதற்கு இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். அது நிரந்தர முதல் உள்ள உள்ளூர் நிறுவனம், ராண்டில் வாங்கி ராண்டில் கொடுக்கிறது.

இந்த உள்ளூர் நாணயப் பிரச்சினைதான் வரும் ஆண்டுகளில் எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று நினைக்கிறேன். நாணயச் சரிவைக் காப்பீடு செய்ய 2007-இல் டி.சி.எக்ஸ். என்ற நிதியம் தொடங்கப்பட்டது. ஆனால் காப்பீட்டுக் கட்டணத்தையும் வட்டியோடு சேர்த்தால் சிறுதொழிலுக்கு எட்டாத விலை. மேலும் மானியம் கொடுத்துவந்த கைகள் சுருங்குகின்றன. ஆப்பிரிக்க மின்வசதிக்கு 2013 முதல் கைகொடுத்த பவர் ஆப்பிரிக்கா திட்டம், அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு 2025-இல் மூடப்பட்டதோடு போய்விட்டது.

மீதம் இருப்பது அந்தந்த நாட்டுப் பணம். நைஜீரியாவின் ஓய்வூதிய நிதிகளில் 2024-இல் 20 லட்சம் கோடி நைராவுக்கு மேல் இருந்தது. அதில் பாதிக்கு மேல் கூட்டாட்சி அரசின் பத்திரங்களில். மேலாளர்களைக் கோழைகள் என்று திட்டுவது மாநாடுகளில் வழக்கம். ஆனால் அந்த ஆண்டின் இறுதியில் ஓராண்டு அரசுப் பத்திரம் 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. லாகோஸ் அலுவலகத்தை விட்டு எழுந்திருக்காமலே கிடைக்கும் வருமானம் அது. கானோவில் கடலை எண்ணெய் ஆலை வைத்திருப்பவர் அதைத் தாண்டிக் காட்ட வேண்டும். அதற்கு மேல் அவரைப் போய்ப் பார்க்கும் செலவையும் ஈட்ட வேண்டும். 2024 நவம்பரில் மத்திய வங்கி தன் அடிப்படை வட்டியை 27.5 சதவீதம் ஆக்கியது. வங்கிக்குப் போனால் அவருக்குக் கடன் அதற்கும் மேல்தான். இந்த வட்டியை இறக்கும் சக்தி நியூயார்க்கிலோ லண்டனிலோ உள்ள எந்தச் சமூக நோக்கு நிதியத்திடமும் கிடையாது. அது அபுஜாவில் போடப்படும் வரவுசெலவுத் திட்டத்திலும், அங்கே விழும் துண்டின் அளவிலும் இருக்கிறது.